தைலம் மணக்கும் நாற்காலிகள்

பேருந்து நிலையத்தின் பின்பக்கம், கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு நீள அறை இருக்கிறது. பயணிகள் பேருந்தில் விட்டுவிட்டுப் போகிற சாமான்களெல்லாம் அங்கேதான் வந்து சேரும். குடை, செருப்பு, சாப்பாட்டு டப்பா, பல்செட்டு. ஒரு முறை ஊன்றுகோல்கூட வந்தது. ஊன்றுகோலை மறந்துவிட்டு அந்த மனிதர் எப்படி இறங்கிப் போனார் என்பது அந்த அறையில் இன்றைக்கும் தீராத வழக்கு. இருபத்து மூன்று வருடமாக அறையின் பொறுப்பு ஒரு பெண்ணிடம். டிரைவர், கண்டக்டர் எல்லாருமாகச் சேர்ந்து அவளுக்கு வைத்த பெயர் துப்பம்மா. துப்பறியும் அம்மா என்று ஆரம்பித்தது தேய்ந்து தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. "துப்பில்லாதவங்க வச்ச பேரு" என்பாள். உள்ளூர அதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு.

பொருளைத் தேடி வருகிறவர்களிடம் துப்பம்மா மூன்று கேள்வி கேட்பாள். பையின் உள் ஜிப் என்ன நிறம், குடையில் எந்தக் கம்பி வளைந்திருக்கிறது, டப்பாவின் அடியில் என்ன கீறல். இத்தனை வருடத்தில் அவள் கண்டுபிடித்த சூத்திரம் ஒன்று: சொந்தக்காரன் தடுமாறுவான். தினமும் கையில் வைத்திருக்கிற பொருளை எவன் உற்றுப் பார்க்கிறான்? 'பச்சையா... நீலமா...' என்று இழுப்பான். ஏமாற்ற வந்தவன்தான் பாடம் பண்ணிக்கொண்டு வந்து பட்டென்று ஒப்பிப்பான்.

இந்தச் சூத்திரத்தை மாலையில் அறையோடு சேர்த்துப் பூட்டிவிட்டு வந்திருந்தால் தேவலை. அவள் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். காய்கறிக்காரரிடமும் மூன்று கேள்வி, பக்கத்து வீட்டுக்காரியிடமும் மூன்று கேள்வி. மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தபோது அந்தப் பெண்ணுக்கு வருத்தமா நிம்மதியா என்று தெரியவில்லை.

அந்த மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோதுதான் விஷயம் ஆரம்பித்தது. கூடத்து சோபாவில் உட்கார்ந்து எழுந்தவளின் புது உடுப்பு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஸ்பிரிங்கில் மாட்டிச் சரக்கென்று கிழிந்தது.

"அம்மா, நம்ம சோபா ஆளைக் கடிக்குது" என்றாள் மகள்.

சோபா மட்டுமா? சாப்பாட்டு மேசையின் ஒரு காலுக்குக் கீழே மடித்த அட்டை. மர அலமாரியின் கதவைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். கட்டிலில் யாராவது புரண்டு படுத்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். எல்லாம் கல்யாணமான புதிதில் வாங்கியவை.

துப்பம்மாவின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். அன்றைக்கு அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "புதுசு எதுவும் வேண்டாம். இப்ப வர்றதெல்லாம் மரத்தூளை அமுக்கிப் பசை போட்டு ஒட்டுனது. பழசுதான் மரம். நான் வேலைக்குப் போற பில்டிங்ல மாசம் ஒரு வீடு காலியாகுது, நல்லதா பாத்து நான் கொண்டு வரேன்."

மனிதர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதே துப்பம்மாவுக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் வந்தவை நாற்காலிகள். நான்கு, எல்லாம் தேக்கு, கால் ஆடாமல் கிண்ணென்று நின்றன.

"யாரு வீட்டுது?"

"மூணாவது மாடி டாக்டர் வீடு."

"ஏன் தள்ளி விடறாங்க?"

"மகன்கூட இருக்கப் போறாங்க."

"எத்தனை மகன்?"

"ஒண்ணுதான்."

மூன்று பதிலும் பட்பட்டென்று வந்தன. தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இவள் பல்லைப் பிடித்துப் பார்த்து, வாலையும் தூக்கிப் பார்க்கிற ரகம். மூட்டைப்பூச்சி இருக்கும் என்று இணைப்புகளில் கொதிக்கிற நீர் ஊற்றினாள். உளுத்திருக்கும் என்று குண்டூசியால் குத்தினாள். இரண்டு நாள் வெயிலில் போட்டாள். ஒரு குறையும் அகப்படவில்லை. அதுவே அவளுக்கு உறுத்தலாக இருந்தது. எலி ஒன்றும் காரணமில்லாமல் அம்மணமாக ஓடாது. வெயிலில் போட்ட பிறகும் நாற்காலிகளிலிருந்து ஒரு வாசனை போகவில்லை. யூகலிப்டஸ் தைலம்.

அடுத்த மாதம் மேசை வந்தது. ஏதோ ஆபீஸை மூடுகிறார்களாம். துடைப்பதற்காக அடியில் குனிந்தவள் அப்படியே நின்றாள். மேசையின் அடிப்பலகையில் நீலப் பெயிண்டில் '6' என்று எழுதியிருந்தது. போய் நாற்காலிகளைக் கவிழ்த்தாள். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அதே நீலம், அதே கை. மூக்கை வைத்துப் பார்த்தால் மேசையிலும் அதே தைலம்.

டாக்டர் வீட்டு நாற்காலிக்கும் ஆபீஸ் மேசைக்கும் எங்கேயிருந்து வந்தது ஒரே கையெழுத்து?

கேட்கலாம். ஆனால் அவளுடைய தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் பொய்யைப் பிடித்ததும் காட்டிக்கொள்ளக் கூடாது, இரண்டாவது பொய்யையும் சொல்லவிட வேண்டும். அதனால் நாற்காலிகளை நிமிர்த்தி வைத்துவிட்டு, "நல்ல மேசைதாங்க" என்றாள்.

மூன்றாவதாக மர அலமாரி வந்தது. வயதான தம்பதி, பிள்ளைகளிடம் போகிறார்களாம். பின்பக்கம் நீலத்தில் '8'. கீழ் இழுப்பறையின் மூலையில் இரண்டு கொண்டை ஊசிகள் கிடந்தன. தைல வாசனை குப்பென்று அடித்தது. ஒரு பெண்ணின் அலமாரி. துப்பம்மா அந்த ஊசிகளை ஒரு காகிதத்தில் மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அப்புறம் அவள் கண்ணுக்கு எல்லாமே தெரிய ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவசர வேலை என்று போகிற மனிதர் மதியம் திரும்பும்போது நகக்கண்ணில் பொட்டு கிரீஸ் இல்லை. லிஃப்ட்டில் கை வைத்தவன் கை அப்படியா இருக்கும்? ஒரு நாள் அவர் சட்டைக் காலரிலும் தைலம் மணந்தது. ஐம்பத்தாறு வயதில், முழங்கால் வலியோடு, இந்த மனிதருக்கு இன்னொரு வீடா? யோசிக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் அந்தச் சட்டையை இன்னொரு முறை மோந்து பார்த்தாள். அந்த வாரம் கவுண்டரில் ஒரு கறுப்புக் குடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டாள். இருபத்து மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை.

கட்டில் வந்தது ஒரு வியாழக்கிழமை, அவளுக்கு வார விடுமுறை நாள். புருஷன் போன் பண்ணினார். லிஃப்ட்டில் யாரோ மாட்டிக்கொண்டார்களாம், தன்னால் வர முடியாது, லோடு ஆட்டோக்காரர் கொண்டுவந்து இறக்கிவிடுவார். ஆட்டோக்காரரும் அவருடைய ஆளும் கட்டிலைப் பிரித்துக் கொண்டுவந்து உள்ளே சாத்தினார்கள். தலைமாட்டுப் பலகையில் '7'.

துப்பம்மா தண்ணீர் கொடுத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள். "இது எங்கண்ணே ஏத்துனீங்க?"

"வழக்கமா ஏத்துற வீடுதாம்மா."

"வழக்கமாவா?"

"நாலு நடை அடிச்சாச்சே. ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முதுகு விட்டுப்போச்சு."

லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்க்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. துப்பம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

"என்னை அங்க கொண்டு விடுங்க."

"சாமானைத் திருப்பிக் குடுக்கப் போறீங்களாம்மா?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

வழி நெடுக அவள் மூன்று கேள்விகளைத் தயார் பண்ணினாள். எத்தனை நாளாக, யார் முதலில், அப்புறம் இந்த ஊசி உன்னுடையதா. ஊரின் மறுகோடியில், வெளிறிப்போன ஒரு குடியிருப்புக்கு முன்னால் ஆட்டோ நின்றது. மூச்சு வாங்க இரண்டு மாடி ஏறி அழைப்பு மணியை அழுத்தினாள். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் மூன்று கேள்வியும் எங்கே போயினவென்று தெரியவில்லை.

நின்றது அவள் புருஷனுடைய அண்ணன்.

பதினொரு வருடத்துக்கு முந்தைய கதையை இங்கே சொல்லியாக வேண்டும். அப்போது அண்ணனும் அண்ணியும் தங்கள் வாடகை வீட்டில் மராமத்து நடக்கிறதென்று இரண்டு வாரம் துப்பம்மா வீட்டில் வந்து தங்கியிருந்தார்கள். அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள், துப்பம்மாவின் அம்மா போட்ட தங்கச் செயின் அலமாரியில் இல்லை. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் ஓரகத்தியைப் பார்த்துக் கேட்டாள்: அலமாரியை எப்போது திறந்தீங்க, எதுக்குத் திறந்தீங்க, அப்போ பக்கத்துல யார் இருந்தாங்க. கவுண்டரில் கேட்கிற அதே குரல். ஓரகத்தி பதில் சொல்லவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டுத் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அன்றோடு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்றது. நாலைந்து வருடம் கழித்து அவர்கள் சொந்தமாக வீடு வாங்கியதும், புதுச் சாமான்கள் போட்டதும் துப்பம்மாவின் காதுக்கு வந்ததோடு சரி.

"வா" என்றார் அவர். ஆள் பாதியாகியிருந்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். தேய்த்துத் தேய்த்து விரல் நுனிகள் வழவழவென்றிருந்தன. "தம்பி சொல்லிட்டானா?"

"ஆட்டோக்காரர் சொன்னாரு அத்தான்."

வீடு காலியாக இருந்தது. சுவரில் சாமான்கள் இருந்த இடமெல்லாம் வெளிறாத சதுரங்கள். ஜன்னலோரம் ஒரே ஒரு சாய்வு நாற்காலி, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி. ஜன்னல் விளிம்பில் பாதி தீர்ந்த தைலப் புட்டி.

"அக்கா எங்க?"

முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எட்டு மாசமாச்சு" என்றார்.

துப்பம்மா உட்கார்ந்தாள். எட்டு மாதம். அவளுக்குத் தேதிகூட வந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை, பெரிய பழுது என்று காலையில் போன புருஷன் சாயங்காலம் வந்து, வழக்கமில்லாமல் வாசலிலேயே கால் கழுவிவிட்டு உள்ளே வந்தார்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"அவதான் வேண்டாம்னா. மூட்டு வலின்னு ஆரம்பிச்சது, எங்கெங்கேயோ போயிடுச்சு. கடைசில பேச்சு தெளிவாத்தான் இருந்தது. 'அவகிட்ட சொல்லாதீங்க, சொன்னா கண்டிப்பா வருவா, வந்து எப்ப செத்தேன், எதுக்குச் செத்தேன், பக்கத்துல யார் இருந்தாங்கன்னு கேப்பா'ன்னு சொன்னா. சொல்லிட்டு அவளே சிரிச்சா."

துப்பம்மாவால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. எதையாவது செய்ய வேண்டுமே என்று கைப்பையைத் திறந்து, மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். அவர் பிரித்துப் பார்த்தார். ஊசிகளை ஜன்னல் விளிம்பில் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நம்பர் போட்டது யாரு?"

"அவதான். இந்த வீட்டுக்கு வந்தப்போ எதை எங்க வைக்கணும்னு அவளே பெயிண்ட் பிரஷ் எடுத்து எழுதினா. ஒண்ணாம் நம்பர் இது." சாய்வு நாற்காலியைத் தட்டினார். "இதைக் குடுக்கல. ஒத்தை ஆளுக்கு எதுக்கு இந்த வீடு? கடைக்குப் பக்கத்துல ஒத்தை ரூம் பாத்திருக்கேன், அதுக்கு இது போதும். மிச்சத்தைத் தம்பியை எடுத்துக்கச் சொன்னேன். அவன்தான் வெளி வீட்ல வாங்குனதாச் சொல்லிக்கிறேன்னான்."

கீழே யாரோ மோட்டாரை ஓடவிட்டார்கள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் அவர். "அந்தச் செயின் கிடைச்சுதா?"

"இல்ல."

"அவ எடுத்திருப்பான்னு இப்பவும் நெனக்கிறியா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். செத்துப் போனவளைப் பற்றி அப்படிச் சொல்வதுதான் மரியாதை.

"அன்னைக்கு நிச்சயமா நெனச்சேன் அத்தான். இப்ப... தெரியல."

அவர் தலையாட்டினார். கோபம் வரவில்லை அவருக்கு. "எனக்கும் தெரியல" என்றார்.

துப்பம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு பஸ்ல வர்றப்போ 'நீங்க ஒண்ணும் கேக்கலையே'ன்னா. நான் கேக்காம இருந்ததுல அவளுக்கு சந்தோஷம்னு நெனச்சேன். நிஜத்துல எனக்கு பயம். கேட்டு, அவ தடுமாறிட்டா என்ன பண்றது? அதனால கேக்கல. அந்த வருஷம்தான் அவ கூடப்பொறந்த தம்பிக்கு ஒரு பெரிய செலவு வந்து, எப்படியோ சமாளிச்சாங்க. அது ஒரு மூலைல எனக்கு ஓடிக்கிட்டே இருந்தது. அவளுக்குத் தெரியாதுன்னா நெனக்கிற? அப்பப்ப சொல்வா, 'ஒரு தடவை கேட்டிருக்கலாம்'னு. உன் மேல அவளுக்கு அவ்வளவு கோபமில்ல. நீ மூஞ்சிக்கு நேரா கேட்டுட்ட. நான் கேக்காமலே பத்து வருஷத்துக்கு மேல பக்கத்துல படுத்திருந்தேன்." அவர் விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்தார். "கேட்டிருந்தா 'எடுக்கல'ன்னு சொல்லியிருப்பா. நம்புறதும் நம்பாததும் என் பாடு. சொல்றதுக்கு அவளுக்கு ஒரு இடமாவது கிடைச்சிருக்கும்."

அன்று சாயங்காலம் புருஷன் வீட்டுக்கு வந்தபோது துப்பம்மா அந்த ஆறாம் நம்பர் மேசையில் உட்கார்ந்திருந்தாள். கட்டில் பிரித்தபடியே சுவரில் சாய்ந்திருந்தது.

"அத்தான் வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்" என்றாள்.

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். அவ்வளவுதான்.

"செத்ததுக்குக்கூட என்னைக் கூட்டிட்டுப் போகல நீங்க. அது இருக்கட்டும், அதுக்கு ஒரு நாள் சண்டை போட்டுக்கலாம். இப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அக்கா எடுத்தாங்கன்னு நீங்களும் நெனச்சீங்களா?"

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றியைத் தடவினார். ஜன்னலைப் பார்த்தார்.

"இல்ல. நீதான் எங்கயோ வச்சுட்டு மறந்துட்டன்னு நெனச்சேன்."

"என்னது?"

"நீ எதையும் பத்திரமா வைக்கிறேன்னு ஒளிச்சு வைப்ப. அப்புறம் உனக்கே தெரியாது. வீட்டுப் பத்திரத்தை அரிசி டின்லேர்ந்து எடுத்தோமா இல்லையா? அந்த அலமாரிக்குப் பின்பலகை ரெண்டு அடுக்கு. நடுவுல விழுந்திருக்கும்னு எனக்குத் தோணிக்கிட்டே இருந்தது."

"பதினொரு வருஷமா தோணிச்சா? பலகையைக் கழட்டிப் பாத்திருக்கலாமில்ல?"

"பாத்து, அங்கேயே இருந்திருந்தா?" என்றார் அவர். "உன் மூஞ்சியை நான் எப்படிப் பாக்குறது? நீ அண்ணி மூஞ்சியை எப்படிப் பாக்குறது?"

துப்பம்மா எழுந்தாள். கூடத்தின் மூலையைப் பார்த்தாள். அங்கே எட்டாம் நம்பர் அலமாரி நின்றது. பழைய அலமாரி, கயிறு கட்டிய கதவோடும் இரண்டு அடுக்குப் பின்பலகையோடும், ஒரு மாதத்துக்கு முன்பே பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது. தொல்லை விட்டது என்று அவளேதான் தள்ளிவிட்டாள்.

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அந்தக் கடைக்குப் போனாள். கடைக்காரர் இரும்புக் கம்பிகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். அலமாரியா, அது வந்த வாரமே பிரித்தாகிவிட்டது என்றார். பலகையெல்லாம் அடுப்புக்குப் போயிருக்கும்.

"பிரிக்கிறப்போ உள்ள ஏதாவது இருந்துதா?"

"என்னம்மா இருக்கும்? தூசிதான்."

அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் சொன்னது வேகமாகச் சொன்னதா, நிதானமாகச் சொன்னதா? துப்பம்மாவுக்குப் பிடிபடவில்லை. இருபத்து மூன்று வருடம் மனித முகத்தைப் படித்தவளுக்கு அந்த முகத்தில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. பிரித்தவன் எடுத்திருக்கலாம். பலகைக்கு நடுவில் ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். ஓரகத்தி எடுத்திருக்கலாம். அவள் எடுக்காமல், ஒருத்தருக்கும் சொல்ல முடியாமல், தைலத்தைத் தடவிக்கொண்டு அந்தச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கலாம். இதில் எதையும் இனிமேல் யாரும் நிரூபிக்க முடியாது.

கடையின் வாசலிலேயே வெகுநேரம் நின்றாள். அப்புறம், உள்ளே மூலையில் கிடந்த ஒரு மடக்குக் கட்டில் கண்ணில் பட்டது. இரும்புச் சட்டம், கான்வாஸ் துணி. அத்தான் கட்டிலைக் கொடுத்துவிட்டாரே, ஒற்றை அறையில் எதில் படுப்பார் என்று அப்போதுதான் உறைத்தது. கட்டிலை வெளிச்சத்துக்கு இழுத்துப் போடச் சொன்னாள். கீல் ஒவ்வொன்றையும் மடக்கி விரித்தாள், துணியைக் கைமுட்டியால் குத்தினாள், கடைசியில் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறிப் படுத்துப் பார்த்தாள்.

"யாருக்கும்மா?"

"எங்க வீட்டுப் பெரியவருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியுமாக அதை ஒற்றை அறைக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அண்ணனும் தம்பியும் கட்டிலை எந்தச் சுவரோடு போடுவது என்று அரைமணி நேரம் பேசினார்கள். அண்ணன் இவர்களுடன் வந்து இருக்கச் சம்மதிக்கவில்லை. அவளும் ஒரு முறைக்கு மேல் கூப்பிடவில்லை. ஒன்றாக இருந்தால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டி வரும் என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

ஆனால் சாப்பிட வந்தார். மகள் ஊருக்கு வந்திருந்த ஒரு மதியம், பெரியப்பா பெரியப்பா என்று அவளே போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் கூடத்தில் நின்று தன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதையும் தொடவில்லை. துப்பம்மா அடுக்களை வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்குகிறாரோ, கோபமோ, ஏன்தான் கொடுத்தோம் என்றிருக்கிறதோ.

"மேசையை ஏன் ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்க?" என்றார் அவர். "மேற்கு வெயில் நேரா விழுது பாரு. ரெண்டு வருஷத்துல பலகை வெடிச்சிரும்."

துப்பம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான்கு பேரும் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து மேசையைத் தூக்கி உள்சுவர் ஓரமாக நகர்த்தினார்கள். அவர் குனிந்து, நான்கு காலும் சமமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அப்புறம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.